கல்யாண ஜாக்கெட்டில் விட்ட துணி

அக்கா,

நேற்று குளத்தூரில் ஒரு புதிய கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அளவு ஜாக்கெட் கேட்டார்கள். நீங்கள் கடைசியாகத் தைத்துக் கொடுத்த பச்சை ஜாக்கெட்டை நீட்டினேன். கடைக்காரப் பெண் அதை உட்புறமாகத் திருப்பி, தையலுக்குள் மடிந்திருந்த துணியை விரலால் நெருடிப் பார்த்தாள். "யாருங்க தச்சது? இம்புட்டுத் துணி உள்ள விட்டிருக்காங்க. ரெண்டு தடவ பிரிச்சு விடலாமே." நீங்கள் இப்போது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஊர்ல ஒரு அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நிவேதாவின் கல்யாண ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. வந்தது என்ன, அது போனதே இல்லை.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். மாலை நேரங்களில் உங்கள் கடை மூலையில் உட்கார்ந்து கொக்கி கட்டித் தருவேன். கையில் கதைப் புத்தகம் இருந்தால் வாய்விட்டுப் படிக்கச் சொல்வீர்கள். திடீரென்று மிஷினை நிறுத்தி, "இந்தப் பொம்பள அப்பவே வீட்ட விட்டுக் கெளம்பியிருக்கணும்டி, லூசு" என்று கதையில் வருகிறவளைத் திட்டுவீர்கள். நான் சிரிப்பேன். என் வீட்டில் யாருக்கும் தெரியாத என்னை உங்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு மாலையில் நிவேதாவை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சித்தி முறை. நிவேதா பத்தாம் வகுப்பு. ஜூனில் அவளுக்கு யூனிபார்ம் தைத்ததும் நீங்கள்தான். டேப்பை அவள் தோளில் வைத்தபடி, "பாப்பாவுக்கு வயசு என்னாச்சு?" என்று கேட்டீர்கள். சித்தி துணிப் பையை மேசைமேல் வைத்தார்.

"வளர்ற புள்ள டெய்லரக்கா. உள்ள துணி நெறைய விட்டுத் தைங்க. அடுத்த வருசமும் போடணும்ல."

அவர்கள் போன பிறகு டேப்பை விரலில் சுற்றியபடி உட்கார்ந்தீர்கள்.

"கல்யாண ஜாக்கெட்டுக்கு வளர்த்திக்குத் துணி விடச் சொல்லி இப்பத்தான்டி கேக்குறேன்."

"யார்கிட்டயாச்சும் சொல்லலாமாக்கா?"

"யார்கிட்ட? அங்கிட்டு மாமன், இங்கிட்டுச் சித்தப்பன், எல்லாம் ஒரே சொந்தம். ஊரே பந்தியில ஒக்காரக் காத்திருக்கு."

மறுநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று, பழைய பள்ளிப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். "எனக்கு உறுதியாத் தெரியலைங்க" என்றுதான் ஆரம்பித்தேன். "உறுதி பண்றது எங்க வேலைங்க. நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றது ஒரு பெண் குரல். ஊர், பள்ளி, கல்யாணத் தேதி எல்லாம் பொறுமையாகக் கேட்டார். என்னை நம்ப வேண்டுமே என்ற தவிப்பில், அந்த ஜாக்கெட்டையும் சொன்னேன். எதிர்முனையில் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உங்க பேரு வெளிய போகாதுங்க" என்றார்.

போகவில்லை. உங்கள் பெயர்தான் போனது.

இரண்டாம் நாள் அதிகாரிகளின் ஜீப் வந்தது. கல்யாணம் நின்றது. வந்தவர்களில் ஒருவர் சித்தியிடம் நியாயம் பேசுகிற வேகத்தில், "வளர்ற புள்ளன்னு நீங்களேதானேம்மா ஜாக்கெட்டுக்குத் துணி விடச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டார். அது போதாதா?

மறுநாள் சாயங்காலம் சித்தி உங்கள் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் பாதித் தெரு. "அளவெடுக்கையில வயசக் கேட்டியே, அதுக்குத்தானா? எங்க துணியத் தச்சுத் தின்னுக்கிட்டு எங்களுக்கே குழி வெட்டுறியா?" மூலையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த என்மீது அவர் பார்வை படவேயில்லை. நான் சொந்தக்காரப் பிள்ளை. என்னைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் மட்டும் ஒரு முறை என் பக்கம் திரும்பினீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் நாம் இருவர்தானே. நான் குனிந்துகொண்டேன்.

"நான்தான்னே வச்சுக்கங்க. வீட்டுக்குப் போங்க" என்றீர்கள்.

அவர்கள் கலைந்ததும் நான் வாயைத் திறந்தேன். "இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு, கண்ணு மங்குது" என்று என்னை நிறுத்திவிட்டீர்கள். அடுத்த ஜூனில் உங்களிடம் ஒரு யூனிபார்ம்கூட வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி இலுப்பூரில் யாரோ ஒருவர் கடைக்குத் தைக்கப் போனீர்கள். காலையில் நிறுத்தத்தில் பார்த்தால், "என்னடி படிக்கிற இப்ப?" என்று மட்டும் கேட்பீர்கள். நானும் புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்வேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு எத்தனை காலைகள் கிடைத்தன!

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்குச் சில வாரம் முன்னால், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குச் சித்தி வந்திருந்தார். கல்லறையில் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றாமலே நின்றார். "எம்மவ நர்ஸிங் சேந்துட்டாடி. அன்னிக்கி இந்தப் புண்ணியவதி போன் போடலேன்னா, அவ இந்நேரம் ரெண்டு புள்ளயத் தூக்கிக்கிட்டு நின்னிருப்பா. நான் பேசுன பேச்சுக்கு ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் போன் இப்போது உங்களுக்குப் பழி இல்லை, பெருமை. அதை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. ஆனாலும் அந்தப் பேச்சுகளையெல்லாம் நீங்கள் யாருக்காக வாங்கிக்கொண்டீர்கள் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

"அவங்க போன் போடல சித்தி. நான்தான் போட்டேன்."

சித்தி கல்லறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"அவள நான் அந்தப் பேச்சுப் பேசுறப்ப நீ அங்கதானடி இருந்த? இத்தன வருசமும் பாத்துக்கிட்டா இருந்த?"

அவரிடம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆமாம் அக்கா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.