அலை எழும்பும் இடம்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே நாங்கள் நலம். முழங்கால் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மகள் வீட்டில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் நன்றாகவே இருக்கிறது. போன பருவத்திலிருந்து அலைகள் தென்மேற்கை விட்டு நேர் தெற்கிலிருந்து வருகின்றன. பாறைத்திட்டின் உள்பக்கப் பள்ளத்தை மணல் நிரப்பிவிட்டது. அதனால், தண்ணீர்த் தொட்டியும் ஐஸ் தொழிற்சாலை மூலையும் ஒரே கோட்டில் தெரியும் நம் பழைய இடத்தில், அலை, நாம் ஏறி நின்று சறுக்கும் பலகையைச் சும்மா தூக்கிவிட்டுப் போய்விடுகிறது. கிழக்கே தள்ளி, மணிக்கூண்டுக்கு நேராகத்தான் எழும்பி உடைகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் போன வாரம் வரை தெரியாது.

உன் வீட்டில் குழாய் ஒழுகுகிறதென்று உன் மனைவி கூப்பிட்டாள். பிளம்பருக்காகத் தங்கச்சியும் நானும் காத்திருந்தபோது பேச்சுவாக்கில், "என்னண்ணே, உங்க ஆளு தொட்டியை விட்டுட்டு மணிக்கூண்டைப் புடிச்சு எவ்வளவு நாளாச்சு! நீங்க கடல் பக்கமே வர்றதில்லையே, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றாள். அப்படியெல்லாம் இல்லம்மா என்று சிரித்து வைத்தேன்.

நான் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? அலை ஏன் எனக்கு மட்டும் அகப்படவில்லை, மணல் ஏதாவது நகர்ந்திருக்குமோ என்று கேட்டேன். "மணல் அங்கேயேதான்டா இருக்கு. கை தளர்ந்துபோச்சு, அதை ஒத்துக்கோ. அச்சாபீஸ்ல எழுத்துப்பிழை பார்த்தே தேஞ்சுபோன கண்ணு வேற. கரையில உக்காந்து பாரு, அதுவும் சுகம்தான்" என்றாய். நீ ஏன் தள்ளிப் போகிறாய் என்றதற்கு, நீரோட்டம் இழுக்கிறது என்றாய். நம்பினேன். தப்பு எங்கே என்றாலும் முதலில் என்னையே சந்தேகிப்பது என் சுபாவம். அது உனக்குத் தெரியாததா?

என் பலகையை உன் கொட்டகையில் கொண்டுவந்து கொடுத்தேன். "நல்ல முடிவு" என்று தோளில் தட்டினாய். அந்தக் கை இன்னும் தோளில் கனக்கிறது.

தங்கச்சியிடம் கேட்டுப் பலகையை எடுத்துக்கொண்டேன். மணிக்கூண்டுக்கு நேராகப் போய்க் காத்திருந்தேன். கீழே வெள்ளை மணல் தெளிவாகத் தெரிந்தது. முதல் அலையே ஏற்றிக்கொண்டது, எழுந்து நின்றேன். கரைக்கு வந்ததும் சந்தோஷப்படத் தெரியாமல் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என் மனைவி, "கடல்ல எதையாவது தொலைச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

புது இடம் குறுகலானது, ஒருவருக்குத்தான் போதும் என்பதைப் பார்த்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாறி மாறி ஏறியிருக்கலாம். ஒருவருக்குத்தான் போதுமென்று சொல்லியிருந்தால்கூட ஒதுங்கியிருப்பேன். என் கைகளை ஏன் குறை சொன்னாய்?

இந்தக் கோபம் நியாயமா என்று இதை எழுதும்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன பருவத்தில் உண்மையிலேயே நான் கொஞ்சமாவது தளர்ந்திருந்தேனா? என்னைத் தண்ணீரில் பார்த்தவன் உன்னைத் தவிர வேறு யாருமில்லை. மறைக்காமல் எழுது. நீ எழுதுவதை நம்ப முடிய வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

கால் முழுதும் குணமாகி நலமாய்த் திரும்பி வா.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்