கொலுப்படி இரண்டும் ஒரு கம்ப்யூட்டரும்

டாலிகஞ்ச், கல்கத்தா
17 ஆகஸ்ட் 1986

சிரஞ்சீவி மஹாதேவனுக்கு அப்பா எழுதுவது. ஆசீர்வாதம். இங்கே நாங்கள் மூவரும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். நீயும் சௌபாக்கியவதி ஷியாமளாவும் எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரார்த்தனை. இதற்கு மேல் நான் எழுதப்போகும் எதுவும் அந்தப் பிரார்த்தனையைக் குறைத்துவிடாது என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். கலிபோர்னியா போய்ச் சேர்ந்ததும் நீ எழுதிய கார்டு வந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று நேற்றுதான் வடிந்தது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. நீ கொண்டுவந்து கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாள், கேட்பவர்களிடம் எல்லாம் அதன் பெருமையைச் சொல்கிறாள். மாடி வீட்டு வங்காளி மாமி, நம் மாசிமா, உன்னை விசாரித்தாள். புறப்படும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாயாம். அடுத்த கடிதத்தில் அவளுக்கு ஒரு வரி எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை அலமுவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அன்று நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. இருந்தாலும் நான் பார்த்தபடி எழுதுகிறேன். ஏனென்றால் நீ கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாய், நான் ஓரத்தில் இருந்தேன். சில முகங்கள் ஓரத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும். பையனின் தாயார் மூலையில் இருந்த மரப்பெட்டியைப் பார்த்து, "ஹார்மோனியமா? பொண்ணு பாடுவாளா?" என்று கேட்டாள். உன் அம்மா, "இல்லை, அது அலமு..." என்று ஆரம்பித்தாள். நீ குறுக்கே புகுந்து, "அது என்னோட கம்ப்யூட்டர் மாமி. போன தடவை லீவுல வந்தப்போ நான் பண்ணி வெச்சுட்டுப் போனேன். அலமு தூசி தட்டிப் பத்திரமா வெச்சிண்டிருக்கா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அலமு அப்போது காபித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டை மேஜைமேல் வைத்த விதத்தை நான் பார்த்தேன். ஒரு டம்ளர்கூடச் சத்தம் போடவில்லை. பையனின் பெரியப்பா ராகவேந்திரன் மட்டும் எழுந்து வந்து பெட்டியை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கே, ஓட்டிக் காட்டுங்கோ பார்ப்போம்" என்றார். நீ முன்பக்கத்தில் சுவிட்சைத் தேடினாய், பிறகு வலது பக்கத்தில் தேடினாய். அந்த நேரத்தில் லோட்ஷெட்டிங் வந்து கரண்ட் போயிற்று. "கல்கத்தாவோட மானத்தைக் காப்பாத்தறதே இதுதான்" என்று நீ சொன்னதற்கு மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அன்று காப்பாற்றப்பட்டது கல்கத்தாவின் மானம் அல்ல. சுவிட்ச் பெட்டிக்கு அடியில், இடது கோடியில் இருக்கிறது. டிராமில் எடுத்துப் போகும்போது பக்கத்தில் உட்காருகிறவர்களின் முழங்கை பட்டுவிடக் கூடாதென்று அலமு அதை அங்கே வைத்தாள்.

அந்தப் பெட்டி எப்படி உண்டாயிற்று என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ஆகவே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு சர்க்யூட் போர்டை நீ கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாய். அது உண்மை, அதற்கு உரிய நன்றி உனக்கு உண்டு. அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, உறை கிடையாது. "விளையாட வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அவள் சாந்தினி மார்க்கெட்டில் சனிக்கிழமை தோறும் அலைந்து, ஓடாத சிறிய டெலிவிஷன் ஒன்றிலிருந்து பிக்சர் ட்யூபும், எதிலிருந்தோ கழற்றிய கீபோர்டு பொத்தான்களும் வாங்கிவந்தாள். ட்ரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றினாள். முதல் தடவை படம் திரையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. காரணம் தெரியாமல் பல நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள். ட்ரான்ஸ்ஃபார்மர் ட்யூபுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து அதைப் பெட்டியின் மறுகோடிக்கு மாற்றியதும் நடுக்கம் நின்றது. அதற்கு மேலும் ஒரு தொல்லை இருந்தது. பாதி வேலையில் கரண்ட் போனால் அதுவரை அடித்ததெல்லாம் மறைந்துவிடும். இங்கே இல்லாத நேரத்தில் காளிகாட்டில் கரண்ட் இருக்கும், அங்கே போனால் இங்கே வரும். இந்த ஊரின் வழக்கம் உனக்குத் தெரியும். ஆகவே, கரண்ட் நம்மைத் தேடி வராவிட்டால் நாம் அதைத் தேடிப் போவது என்று அவள் முடிவு செய்தாள். திரை, கீபோர்டு, புரோகிராமைப் பதிந்துவைக்கும் கேசட் ரெக்கார்டர் எல்லாம் ஒரே பெட்டியில், ஒரே பிளக்கில், ஒரே கைப்பிடியில். இங்கே விளக்கு அணைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு டிராம் ஏறிக் காளிகாட்டில் அமலா மாமி வீட்டுக்குப் போய், கேசட்டில் பதிந்துவைத்த இடத்திலிருந்து தொடங்குவாள். இப்போது மெட்ரோ வந்துவிட்டது. ஆனாலும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போக டிராம்தான் சௌகரியம் என்கிறாள். கண்டக்டர் ஒருவர் அதை ஹார்மோனியம் என்றே நினைத்துத் தினமும், "தீதி, இன்னிக்கு என்ன பாட்டு?" என்று கேட்பாராம். இவளும் சளைக்காமல் ஏதாவது ஒரு பாட்டின் பெயரைச் சொல்லிவைப்பாளாம்.

அந்தப் பெட்டிக்கு மரம் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரியாது. கனம் தாங்கும் நல்ல மரம் வேண்டும் என்று அலமு தேடிக்கொண்டிருந்தபோது, உன் அம்மா பரணிலிருந்து கொலுப்படித் தேக்குப் பலகைகள் இரண்டை இறக்கிக் கொடுத்தாள். அவளுடைய கல்யாணத்துக்குச் சீராக வந்த பலகைகள் அவை. வருஷா வருஷம் ஒன்பது படி வைத்தே பழகியவள். நான் திகைத்துப்போய், "கொலுவுக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "ஏழும் ஒத்தைப்படைதானே. பொம்மையெல்லாம் கொஞ்சம் நெருக்கிண்டு நிக்கட்டும். நம்மாத்துல எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்" என்றாள். பலகையை அறுத்தது, இழைத்தது, மூலை பொருத்தியது எல்லாம் அலமு. ரயிலுக்குப் படுக்கை சுருட்டும் பழைய ஹோல்டாலின் தோல் வாரைத் தைத்துக் கைப்பிடி போட்டது அம்மா. போன நவராத்திரிக்கு அலமு அந்தப் பெட்டியைக் கொலுவின் பக்கத்தில் வைத்து, திரையில் புள்ளி வைத்துத் தானாகக் கோலம் போடச் செய்தாள். மாசிமாவும் அவள் மருமகளும் பொம்மைகளை விட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனையையும் நீ ஒரு வாக்கியத்தில் எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொண்டதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நீ போன பிறகு ராகவேந்திரன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கார்டன் ரீச்சில் அவருடைய கம்பெனிக்கு மூன்று கிடங்குகள். ஒன்றில் கரண்ட் இருந்தால் மற்றவற்றில் இருப்பதில்லை. சரக்குக் கணக்கைக் கிடங்குக்குக் கிடங்கு தூக்கிப் போய்ப் பதிய இதைப் போல ஒரு பெட்டி வேண்டும், செய்து கொடுத்து நடத்தவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். கல்கத்தாவில் இதற்கு இதைவிடப் பொருத்தமான யோசனையைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். "உங்க பிள்ளை எப்ப வருவார்?" என்று கேட்டார். செய்தது என் பிள்ளை அல்ல, என் பெண் என்று சொன்னேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்துச் சிரித்தார். "பொண்ணைப் பெத்தவா எல்லாரும் சொல்றதுதானே சார். எங்க காலத்துல வீணைன்னா, அப்புறம் எம்பிராய்டரின்னா, இப்ப கம்ப்யூட்டர். தப்பா நினைக்கலை. எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, நீங்க இவ்வளவு தூரம் சொல்ல வேண்டாம்" என்றார். மஹாதேவா, நான் கணிதத்தில் எம்.ஏ. படித்தவன், முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் என் சொல்லை யாரும் சந்தேகித்ததில்லை. அன்று என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்துக்காகப் பெண்ணின் பெருமையைக் கூட்டிச் சொல்லும் தகப்பனாக ஆனேன். பெண் வீட்டாரின் வார்த்தைக்கு அவ்வளவுதான் விலை என்பது நம் வழக்கம். அதை நீயும் அறிந்தவன்.

நேரில் பார்த்தால் நம்புவார் என்று நினைத்து, மறுவாரம் நானே அலமுவையும் பெட்டியையும் டாக்ஸியில் ஏற்றிக் கார்டன் ரீச்சுக்கு அழைத்துப் போனேன். அவருடைய அறையில் வைத்து ஓட்டிக் காட்டினாள். கிடங்குச் சரக்கைப் போலவே ஒரு பட்டியலை அடித்துக் கூட்டிக் கழித்துக் காட்டினாள். வழியில் குலுங்கியதில் கேசட்டிலிருந்து வரும் ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே பார்த்து, பற்றவைத்து மூடினாள். கிளார்க்குகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். ராகவேந்திரன் முழுவதையும் கவனமாகப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்லர். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பார்த்து முடித்துவிட்டு, "அண்ணா உனக்கு நன்னாச் சொல்லிக் குடுத்திருக்கார்மா" என்றார். அவள் எதைச் செய்து காட்டினாலும் அது உன் கணக்கில்தான் போய்ச் சேரும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வரும்போது அவள் பெட்டியின் பின்பக்க ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அடுத்த பெட்டிக்குப் பின்னால கீல் வெச்சுடணும்பா. ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ கழட்டறது பெரும்பாடா இருக்கு" என்றாள். அடுத்த பெட்டி என்று சொன்னாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. டிசம்பரில் நீ வருவாய் என்று கேள்விப்பட்டு, அதுவரை காத்திருப்பதாக ராகவேந்திரன் சொல்லி அனுப்பினார். கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் செய்தி வந்தது. உன் அம்மா அலமுவிடம் சம்மதமா என்று கேட்டாள். "அந்தாத்துக்குப் போயும் அண்ணா பண்ணின பெட்டியைத் தூசி தட்டிண்டிருக்கணுமாம்மா?" என்று மட்டும் அலமு திருப்பிக் கேட்டாள். மறுநாள் பற்றவைக்கும் கருவியைத் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவராத்திரி வருகிறதே, அம்மாவின் இரண்டு படியையும் ஒட்டுப்போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்ப்பதாகச் சொன்னாள். அழவில்லை, கோபப்படவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. அவள் சொல்லாததைத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். கையில் சூட்டுத் தழும்போடு ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெண் என்றால் அவர்கள் பயந்து போய்விடுவார்கள் என்று நினைத்தாய். முன்பு வந்த இரண்டு இடம் தட்டிப்போனது உன் மனத்தில் இருந்தது. தங்கையின் மேல் விழக்கூடிய ஒரு பார்வையை உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். பாசத்தினால் சொன்னான் என்று உன் அம்மா தினமும் சொல்கிறாள், நான் மறுக்கவில்லை. பாசத்தினால் சொன்னது என்பதால்தான் உன்னிடம் விளக்கம் கேட்காமல், ஒரு காரியம் மட்டும் கேட்கிறேன். ராகவேந்திரனுக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. போர்டு மட்டும் நீ கொடுத்தது, மற்றதெல்லாம் அலமு செய்தது, அன்று நீ சொன்னது உண்மையல்ல என்று எழுது. "இருவரும் சேர்ந்து செய்தோம்" என்று எழுதாதே. அதைவிட எழுதாமலே இருக்கலாம். என் சொல் அங்கே செல்லாது, அவள் கையும் செல்லாது. செல்லுபடியாவது உன் வார்த்தை ஒன்றுதான். அந்த நிலைமையை உண்டாக்கியவன் நீ. கடிதத்தைப் படித்துவிட்டு அவர்கள் சம்பந்தம் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று போகட்டும். உண்மையைக் கேட்டதும் விலகிப் போகிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்பும் உத்தேசம் எனக்கு இல்லை. அவள் போக விரும்புவது அந்தக் கிடங்கு வேலைக்கு. அது அவளுக்குக் கிடைக்க வேண்டும்.

ஷியாமளாவுக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். அம்மா நார்த்தங்காய் உலர்த்தி வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புவோம். காரை வேகமாக ஓட்டாதே. நீங்கள் இருவரும் தீர்க்காயுளோடும் மனநிறைவோடும் இருக்க அம்பாள் அருள் புரியட்டும்.

ஞாபகப்படுத்த ஒன்று உண்டு. மஹாளய அமாவாசையன்று படி கட்டுவோம். அதுவரை பெட்டியின்மேல் கை வைக்கக் கூடாது என்று அலமுவிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. அதற்குள் உன் கடிதம் கார்டன் ரீச்சுக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த வருஷமும் பொம்மைகள் ஏழு படியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். சேராவிட்டால் ஒன்பது படி. வருகிறவர்கள் எல்லோரும் இந்த வருஷம் கொலு ரொம்ப எடுப்பாக இருக்கிறது என்பார்கள். உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டே சுண்டல் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தீஸ்வரன்