பில்டர் அவர் கையில் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பது அறிந்து மனம் நிறைந்தது. இங்கே ஸ்டூடியோ ஏதோ ஓடுகிறது. மழையில் இருட்டறைச் சுவர் ஊறிப்போய்விட்டது, பூச வேண்டும்.

போன முறை அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, அத்தான் கண் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "வார்ம் பில்டர் போட்டு எடுத்தா எல்லாம் மஞ்சளாத்தான் வரும், உன் தம்பிக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்" என்று சிரித்தார். நிழலில் எடுத்தால் முகம் நீலம் பூக்கும் என்று லென்சுக்கு முன்னால் அந்த இளமஞ்சள் கண்ணாடியை மாட்டுவாரே, அதைத்தான் சொல்கிறார். நேரில் பார்த்த பக்கத்துக் கடை டெய்லர் கேட்டதற்கு, உன் கடை விளக்கு சரியில்லை என்றாராம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே ஊருக்கெல்லாம் மஞ்சள் தெரிகிறது, அந்தக் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். டாக்டரிடம் போவோம் என்றால் எரிந்து விழுகிறார். அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போய்த் திரும்பி வராதது மனதில் நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

இத்துடன் இரண்டு ஸ்லைடு வைத்திருக்கிறேன். முதல் படம் நானாக எடுத்தது. வாசல் நிழலில் உட்கார்ந்து பில்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கேமரா என் மடியில் இருந்தது. கூப்பிட்டேன், நிமிர்ந்தார், எடுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். அவருடைய வெள்ளைச் சட்டை லேசாக நீலம் பூத்திருக்கிறது. அந்த நீலத்திலும் கண் மஞ்சளாகவே இருக்கிறது. பில்டர் அவர் கையில் இருக்கிறது.

கழுவி வந்ததும் அவரிடமே கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பில்டரை லென்சில் மாட்டிக் கேமராவை என்னிடம் நீட்டினார். "இப்ப ஒண்ணு எடு. அதை மட்டும் அனுப்பு, இதைப் பார்த்தா அவன் பயந்துடுவான்" என்றார். அதுதான் இரண்டாவது படம். அதில் சட்டை, சுவர், நாற்காலி எல்லாமே மஞ்சள்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ வந்தால் உன்னோடு வாதம் பண்ணிக்கொண்டே எத்தனை தூரமும் நடப்பார். அந்தப் பேச்சுவாக்கில் டாக்டர் வாசல் வரை கூட்டிப்போய்விடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவர் தேறி எழுந்ததும் உங்கள் இருவரையும் அதே வாசலில் உட்கார வைத்து நானே படம் எடுக்கிறேன். அன்றைக்கு அவர் இஷ்டப்படி பில்டர் போட்டுக்கொள்ளட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா