கூட்ட வேண்டிய ஒரு மணி நேரம்

சூக்,
மே 28

அன்புள்ள டோரீன்,

நலமா? இடுப்பு வலி தேவலையா? கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை, அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இங்கே இரண்டு வாரமாக விடாத மழை. உன் ரெஜைனாவில் கோதுமை விதைத்து முடித்திருப்பார்கள். கடலே இல்லாத ஊரில் நீ எப்படித்தான் மூச்சு விடுகிறாயோ.

விஷயத்துக்கு வருகிறேன். கடலோரமாக நாம் நடக்கும் அந்தக் கரைப்பாதைக்கு அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. ஜூன் பதினேழு முதல் இருபத்திரண்டு வரை, ஆறு நாள். தனியாகத்தான் போகிறேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீ சொல்வது இங்கே வரை கேட்கிறது. யாரையும் கூப்பிடாமல் இல்லை. நூலகத்து வில்மாவைக் கேட்டேன். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேட்டாள். சொன்னேன். அதோடு பேச்சை மாற்றிவிட்டாள்.

நேற்று கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஓட்ஸ், உலர்ந்த பருப்புச் சூப், வேர்க்கடலை வெண்ணெய், குதிகாலுக்கு ஒட்டும் பட்டை, கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தூக்கக் கயிறு. பரப்பி முடித்துப் பார்த்தால் கம்பளத்தில் பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் பாதி. பழக்க தோஷம்தான். அழுகை வந்தது, மறைப்பானேன்.

பையை நிறுத்தால் நாற்பத்தொரு பவுண்டு. முன்பெல்லாம் கூடாரம் எனக்கு, அடுப்பும் பாத்திரமும் உனக்கு. இப்போது எல்லாம் என் முதுகில். பல்தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை நீ அறுத்து எறிவாயே, நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன். இன்று காலை என்னுடையதை நானே அறுத்தேன். மாற்றுக் கால்சட்டையையும் எடுத்துவிட்டேன். அப்படியும் முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

இனி எழுதப்போவதை மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தைரியம் வருகிறது. கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லி அச்சில் வரும் ஓத அட்டவணை வருஷம் முழுக்கக் குளிர்கால மணியில் இருக்கும். கோடையில் நாம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருப்பதால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருஷம் நான் அட்டவணையை உள்ளபடி ஓர் அட்டையில் எழுதுவேன். நீ மனதுக்குள் ஒரு மணி கூட்டி, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று சொல்வாய்.

அந்தக் கடைசி வருஷம் உனக்குக் கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாவம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணக்குப் போட வேண்டாமே என்று நானே ஒரு மணியைக் கூட்டி அட்டையில் எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்ல மறந்துபோனேன். நீ வழக்கம்போல் இன்னொரு மணி கூட்டினாய். நீர் வற்றியிருக்கும்போது மட்டுமே கடக்க முடிகிற ஹார்லன் முனைக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது. திரும்பி ஓடும்போதுதான் நீ பாறையிடுக்கில் விழுந்தாய்.

மீட்க வந்த படகில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. “என் கண்ணு அவிஞ்சு போச்சுடி மார்னி. நான்தான் தப்பா பாத்துட்டேன். உன்னையும் சேத்துக் கொன்னிருப்பேன்.” நீ தப்பாகப் பார்க்கவில்லை, டோரீன். உன் கணக்கு சரி, அட்டைதான் தப்பு. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. வலியில் இருக்கிறாய், பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு நீ தொடை எலும்பில் தகடு வைத்துக்கொண்டாய், வீட்டை விற்றாய், இனி எதையும் என் கண்ணை நம்பிச் செய்ய மாட்டேன் என்று சொல்லி மகனோடு போய்விட்டாய். ஒவ்வொன்றும் நடக்க நடக்க, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. நான் கோழை. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அனுமதிச் சீட்டோடு ஒரு படிவமும் வந்திருக்கிறது. குறித்த நாளில் திரும்பாவிட்டால் காவலர்களுக்குத் தகவல் சொல்பவர் யார் என்று ஒரு கட்டம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், அது மட்டும் நாலு நாளாகக் காலி. நான் வரவில்லை என்று யாருக்குத் தோன்றும்? இரவல் வாங்கிய புத்தகம் திரும்பவில்லை என்று வில்மாவுக்கு ஒரு மாதம் கழித்துத் தோன்றலாம். இன்று உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்குள் உன்னைக் கூப்பிடுவேன். கூப்பிடாவிட்டால் நீ காவலர்களைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நீ சொன்னாலும் பரவாயில்லை, இதற்கு முகம் பார்க்க வேண்டியதில்லை.

இத்துடன் இரண்டு அட்டைகள் வைத்திருக்கிறேன். கறை படிந்தது பழையது. அச்சிட்ட அட்டவணையோடு வைத்துப் பார், ஒரு மணி கூடுதலாக இருக்கும். மற்றது இந்த ஆறு நாளுக்கு. உள்ளபடியே எழுதியிருக்கிறேன், எதுவும் கூட்டவில்லை. எனக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நீ கூட்டி, பக்கத்தில் உன் கையால் எழுதி அனுப்பு. பதினைந்தாம் தேதி வரை தபால் பெட்டியைப் பார்ப்பேன்.

உன் கால் நோகாமல் நீ நன்றாக நடமாட வேண்டும், கண்மணி. உன் கண்ணில் ஒரு பழுதும் இல்லை.

என்றும் உன்,
மார்னி