பேட்மின்டன் கோர்ட்டில் என் கார்

ஜூன் 11, 2016, சனி

பள்ளி திறந்து இரண்டு வாரமாகிறது, நான் எடுக்கும் ஏழாம் வகுப்புக்கு இன்னும் புத்தகம் வரவில்லை. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வந்தால் சில்வஸ்டர் கையெல்லாம் எண்ணெயோடு நிற்கிறார். என் காரைத் துடைத்தாராம். கல்யாணமானதிலிருந்து ஒரு தட்டைக்கூடத் துடைக்காத மனிதர்! நானும் சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 13, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

பள்ளி விட்டுக் குன்னூரிலிருந்து திரும்பும்போது வெலிங்டன் மேட்டில் கார் ஏறவில்லை. மிதித்தால் இஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. அப்புறம் மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் பஸ். கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்து, "ஏனுங்கம்மா, வண்டியில ஆம்பளைங்க யாருமில்லீங்களா?" என்றார். நாலு பேர் ஓரமாகத் தள்ளினார்கள். நான் தூறலில் நின்றேன். சூடு தணிந்தபிறகு ஊர்ந்து ஊர்ந்து அருவங்காடு வந்து சேர்ந்தது.

சில்வஸ்டர் சொன்னது: "வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீ ஓட்டற லட்சணம் அப்படி. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேத்து மிதிச்சிருப்ப."

எனக்கு மிதிக்க இருப்பது ஒரு கால். இடது காலில் மூன்று வயதில் போலியோ வந்ததிலிருந்து தாங்கு கம்பி. அந்த ஒரு காலை எப்படி ஐயா ரெண்டு மேலயும் வைப்பேன்?

இதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூன் 14, செவ்வாய்

அவர் தட்டில் இட்லி மட்டும் வைத்தேன்.

ஜூன் 15, புதன்

பஸ்ஸில் போனேன். அந்தப் படியின் உயரம் மறந்துபோயிருந்தது. வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன், பின்னால் ஒருத்தன் "சீக்கிரம்" என்றான்.

இரவுச் சாப்பாட்டில் அத்தை, சில்வஸ்டரின் அம்மா, ஆரம்பித்தார்கள். "எதுக்கு கண்ணு உனக்கு இந்த ரோதனை? வித்துப்போட்டு நிம்மதியா இரு. முந்தி மாதிரி அவன் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடறான்." சில்வஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே, தன் ஃபேக்டரியில் ஒருவர் கேட்டிருக்கிறார், ஞாயிறு பார்க்க வருவார் என்றார். ஆள் வரைக்கும் தயார்!

என் சம்பளத்தில் நான் வாங்கிய கார். ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது, இடது காலைக் கேட்காது. அதற்கு முன்னால் அவர் ஷிப்டுக்குத் தக்கபடி நான் பள்ளி வாசலில் காத்துக் கிடந்தது எனக்கல்லவா தெரியும்.

ஜூன் 17, வெள்ளி

விறகுக்குப் பின்னால் ஒரு காலி எண்ணெய் டப்பா. லாரிப் படம் போட்டிருந்தது. மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். கையில் பிடித்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனேன்.

"இதை எதுல ஊத்துனீங்க?"

டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீடியோவில் பார்த்தாராம். ஆட்டோமேட்டிக் கியருக்கு எண்ணெய் மாற்றுவது சுலபமாம். "கியர் ஆயில்னா கியர் ஆயில்தானே, அதுல என்ன ஜாதி?"

"திங்கட்கிழமை வண்டி நின்னது இதனாலதான்னு அப்பவே தெரியுமா தெரியாதா?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு."

சந்தேகமாத்தான் இருந்துச்சாம்! தெரிஞ்சே என் ஓட்டத்தைக் குத்தம் சொன்னீங்க. தெரிஞ்சே ஆளைப் பேசி வச்சு விக்கப் பாத்தீங்க. டப்பாவை அவர் மடியில் போட்டேன். அத்தை ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனார்கள்.

ஜூன் 18, சனி

ஒர்க்‌ஷாப் அழகர்சாமி: "ஆட்டோமேட்டிக் நாங்க தொடறதில்லீங்க மேடம். கோயமுத்தூர்தான் போகணும். எதுக்கும் சாரை வரச்சொல்லுங்க, பேசிக்கலாம்."

சாரை. சாரையே வரச்சொல்லணுமாம்.

ஜூன் 19, ஞாயிறு

கார் கேட்டவர் வந்தார். விற்கவில்லை என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 21, செவ்வாய்

காரோடு வந்த புத்தகத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். எந்த எண்ணெய் என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறது. இதைப் புரட்ட அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? சமதளத்தில் நிறுத்தித்தான் அளவு பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. அவர் மாற்றியது வீட்டு வாசல் சரிவில்.

பக்கத்து வீட்டு ஜானகி தங்கை வீட்டுக்குக் கோயமுத்தூர் போகிறாள். எண்ணெய்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன், நிறையவே வாங்கி வரச் சொன்னேன்.

ஜூன் 25, சனி

இந்த மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பதே ஒன்றுதான். பேட்மின்டன் கோர்ட். வீட்டுக்குக் கீழேதான். காலையில் காரை இறக்கி அதன் நடுவில் நிறுத்தினேன்.

மட்டையோடு வந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களில் சில்வஸ்டரும். "ஜூடித், மானத்த வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வேணும்னா வீடியோ எடுக்கட்டும்."

ஜானகி அவள் வீட்டு ஜாக்கியும் தாங்கு கட்டைகளும் கொண்டுவந்தாள். முன்பக்கத்தைத் தூக்கி, கட்டை அசையாமல் இருக்கிறதா என்று இருவரும் காரை உலுக்கிப் பார்த்தோம். கால் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கு விரித்து உள்ளே போனேன். கீழே எண்ணெய் வடிக்கும் அடைப்பைச் சில்வஸ்டர் முறுக்கியிருந்த முறுக்கு! கையால் அசையவில்லை. வலது காலால் ஸ்பேனரை உதைத்தேன். அவரை நினைத்துக்கொண்டு உதைத்தேன், திறந்தது.

வெதுவெதுப்பாகக் கொட்டியது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், கரும்பழுப்பாக, கூழ் மாதிரி, அதே நாற்றம். முகத்தில் தெறித்தது. துடைக்க யாரையும் கூப்பிடவில்லை.

அடைப்புக்குப் புது வாஷர். அளவாக இறுக்கினேன். எண்ணெய் மட்டம் காட்டும் அளவுக்கம்பி செருகியிருக்கும் ஓட்டை வழியாகக் குழாய் வைத்து, ஜானகி வாங்கி வந்த சிவப்பு எண்ணெயை ஊற்றினேன். காரை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்தி, சூடானபிறகு அளவு பார்த்தேன். ஒரு தடவையில் பழையது முழுக்கப் போகாது, பாதிக்குமேல் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஆறவிட்டு மறுபடியும். பிறகு இன்னொரு தடவை. கடைசியில் அளவுக்கம்பியில் சிவப்பு தெரிந்தது. மாலைவரை யாரும் ஆடவில்லை.

சில்வஸ்டர் ஒரு தடவை டீ கொண்டுவந்தார். ஜானகிதான் குடித்தாள்.

ஜூன் 26, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

ஜூன் 27, திங்கள்

மழை. பள்ளி விட்டுத் திரும்பும்போது வெலிங்டன் மேட்டில் மெல்ல மிதித்தேன். முதலில் ஒரு சின்ன உதறல், அப்புறம் பிடித்துக்கொண்டது. ஏறியது. மேலே போய் ஓரமாக நிறுத்தி அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. எரிச்சலில்தான்.

ஜூலை 4, திங்கள்

"நான்தான் தப்பா ஊத்துனேன்" என்று தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுக்களைக்குக் கேட்டது. என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 10, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பினோம். ஞாயிறென்றால் அவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில். இன்றும் பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டார். நான் குடையோடு நின்றேன். வழி விடவில்லை. மழை அவர் சட்டையில் விழுந்தது. பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் உட்கார்ந்தார்.

"ஜூடித், அன்னைக்கு நான் பேசுனது..." என்றார்.

"கதவை நல்லா சாத்துங்க" என்றேன்.

பின்சீட்டிலிருந்து அத்தை, "மெதுவாப் போ சாமி" என்றார்கள். இத்தனை வருஷமும் மகனிடம் சொல்லிவந்தது.

அவர் ஓட்டினால் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிடுவார், ஒவ்வொரு தடவையும் நான் முன்னால் இழுக்க வேண்டும். நாளை இழுக்க வேண்டியதில்லை.