டப்பாவில் மூன்று

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? புனாட்டாவில் மழை உண்டா? நான் சுகம்.

தினமும் வாஷிங்டனுக்கு நான் வேலைக்குப் போகும் விதம் உனக்குத் தெரியும். காரில் மூன்று பேர் இருந்தால் நெடுஞ்சாலையின் விரைவுத் தடத்தில் கட்டணம் இல்லை. அதனால் வரிசையில் நிற்கும் எங்களில் இருவரைக் கார்க்காரர்கள் சும்மா ஏற்றிக்கொள்வார்கள். அவர்களாகப் பேசாமல் நாம் வாய் திறக்கக்கூடாது, அதுதான் வழக்கம். எட்டு மாதமாக லொரெய்ன் அம்மாள் ஓட்டும் காரின் பின்சீட்டில் ஊமையாகப் போகிறேன்.

செவ்வாயன்று, அந்தத் தடத்தை நீட்டிக்கும் வேலை நடக்கும் இடத்தில் மண்லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் அடியில்லை. ஒன்றரை மணி நேரம் கார் நகரவில்லை. பசி தாங்காமல் டப்பாவைத் திறந்தேன்.

"என்னம்மா அது, இப்படி மணக்குது?" என்றார் லொரெய்ன்.

"சால்தேன்யா, எங்க ஊர்ப் பலகாரம், உள்ளே கறி. பாத்துக் கடிங்க, சாறு ஒழுகும்."

கேட்டால்தானே! "போச்சு, ஆபீஸ் சட்டை!" என்று சிரித்தார்.

என்னைப் போல வரிசையிலிருந்து ஏறிய முன்சீட்டுக்காரர், பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கருவியைக் காதிலிருந்து கழற்றினார். "எனக்குக் கிடையாதா?"

அப்புறம் ஓயாத பேச்சு. உன் பெயரைக்கூடக் கேட்டார்கள், அம்மா.

மறுநாள் வழி திறந்தது. யாரும் பேசவில்லை.

அடுத்த வருடம் தடவேலை முடிந்தால் இருபது நிமிடம் மிச்சமாம். வரிசையில் எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த இருபது நிமிடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வில்மா ஊரிலிருந்து திரும்பும்போது காய்ந்த சிவப்பு மிளகாய் கொடுத்தனுப்பு. நிறைய வேண்டும். கம்பளிக் காலுறையும்.

லொரெய்ன் கார் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். இன்றும் டப்பாவில் மூன்று வைத்திருக்கிறேன்.

உன் நில்டா