கண் திறக்காத குதிரை

அரிமளம்,
விக்கிரம வருஷம், ஆனி 10.

சென்னையில் ‘வண்ணக்கோல்’ பத்திரிகையை நடத்திச் சித்திரக்காரர்களையெல்லாம் நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் அவர்களுக்கு, அரிமளம் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரும், மேற்படி பத்திரிகையின் சந்தாதாரரும், ஆறு வருஷமாகத் தங்கள் பெண்சாதியுமான அமிர்தவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்துக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்பதற்கும் பதில் எழுதவும்.

இது புகார்க் கடிதம். ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் திட்டி வருகிறவற்றைத்தான் முதலில் படிப்பேன் என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஆகையால் இதையும் கடைசி வரைக்கும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

வைகாசியில் இரண்டு நாள் வந்திருந்தீர்களே, அப்போது குடையை எடுத்துக்கொண்டு வேளார் தெருப் பக்கம் போனீர்கள். ஐயனார் கோயிலுக்குக் குதிரைகளைத் தூக்கிப்போகிற புரவி எடுப்புக்காக இருளாண்டி வேளார் சூளையில் சுட்டு, வெள்ளையடித்து நிறுத்தியிருந்த மண் குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். அவர் பெண்சாதி அழகி கொடுத்த நீர்மோரை இரண்டு செம்பு குடித்தீர்கள். பட்டணம் போய் மூன்று பக்கம் எழுதிவிட்டீர்கள். ‘பெயர் தெரியாத ஒரு கிராமத்துக் கலைஞன் குதிரைக்குக் கண் வைக்காமலே விட்டிருக்கிறான். வெளியுலகைப் பாராமல் தன் உள்ளத்தையே பார்க்கும் குதிரை இது. என்ன துணிச்சல்!’

என் சாமி! அது துணிச்சல் இல்லை, வேலை முடியவில்லை. இங்கே எந்தக் குதிரைக்கும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். புரவி எடுக்கும் அன்று காலையில் பூசை போட்டு, வேளார் கையால் கருவிழி வைத்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதுவரைக்கும் அடுக்குப் பானைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. தெருவில் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அரை வேக்காட்டுச் சோற்றைத் தின்று பார்த்துவிட்டு, ஆகா, சமையல்காரர் புதுப் பதம் கண்டுபிடித்திருக்கிறார் என்று எழுதின கதையாக இருக்கிறது. மோர் குடித்த வாய்க்கு, ஐயா உங்கள் பெயர் என்ன என்று கேட்கக்கூடவா தோன்றவில்லை?

படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான். தபால் ஆபீஸ் பிச்சைமுத்து அந்த இதழைச் சந்தையன்று, பஸ் நிற்கிற இடத்தில், பிரசங்கம் மாதிரி உரக்கப் படித்துவிட்டார். மறுநாள் இருளாண்டி வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார். ‘டீச்சரம்மா, கண்ணு இல்லாம இருக்கதுதான் அழகுன்னு அச்சுலயே போட்டுட்டாகளே. இனிமே நான் மையத் தொட்டு வச்சு, அதக் கெடுத்துப்புட்டான் இருளாண்டின்னு பேரு வந்துரக் கூடாதுல்ல?’ என்று கேட்கிறார். முப்பது வருஷமாகக் குதிரை செய்கிற கை. அதை நீங்கள் மூன்றே பக்கத்தில் கட்டிப்போட்டுவிட்டீர்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஊர்த் தலைவரான அம்பலமும், கண் திறக்காத குதிரையைக் கோயிலுக்குள் ஏற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அழகிதான் போட்டாள் ஒரு போடு. ‘கண்ணு தெரியாத குதிரையில ஐயனாரு வேட்டைக்குப் போனா நேரா கம்மாய்க்குள்ளதான் விழுவாரு. எழுதுனவுகதான் எறங்கித் தூக்கிவிடணும்’ என்கிறாள். ஊரே சிரிக்கிறது, வேளார் மட்டும் சிரிக்கவில்லை. நானும் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். ‘எழுதுனவுக வந்து, வையின்னு வாயால சொல்லட்டும், வச்சுப்புடுறேன்’ என்று ஒரே பிடியாக நிற்கிறார். உங்களுக்குத் தகுந்த ஆள்தான்.

ஆனி 29 வெள்ளிக்கிழமை புரவி எடுப்பு. நீங்கள் வந்தாக வேண்டும். அத்துடன் ஆடி இதழில் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, இருளாண்டி வேளார், அரிமளம் என்று பெயரும் ஊரும் போட வேண்டும். பத்து வருஷத்தில் நீங்கள் ஒரு திருத்தம் வெளியிட்டதில்லை என்பது எனக்குத் தெரியாதா? ஒரு ஜமீன்தாருடைய படத்தில் மீசைக்கு மட்டும்தான் உயிர் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அவர் ஆள் அனுப்பி மிரட்டியும் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன் என்று நின்றீர்கள். அச்சுக் கோக்கப் போனவர் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தப் பிடிவாதத்தால்தான். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி, இன்றைக்குச் சொன்னது தப்பு.

இன்னொரு சங்கதி. நேர்த்திக்கடன் என்றாலே கேலி செய்வீர்கள் என்பதால் சொல்லாமல் வைத்திருந்தேன். போன கார்த்திகையில் விஷக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கிறீர்கள் என்று தந்தி வந்தது. அன்று பெய்த மழையில் ரயில் பாதை உடைந்து, இரண்டு நாள் வண்டி இல்லை. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு ஐயனாருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு குதிரை என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அடித்துப் பிடித்துப் பட்டணம் வந்து சேர்ந்தால், நீங்கள் தலையணையில் சாய்ந்துகொண்டு, கஞ்சியில் உப்பில்லை என்று விமரிசனம் செய்துகொண்டிருக்கிறீர்கள்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆமாம், அந்தக் குதிரைதான் இந்தக் குதிரை. மாசியில் அது பச்சை மண்ணாக நின்றபோது, யார் பேருக்கு என்று வேளார் கேட்டார். உங்கள் பெயரை நான் எப்படி வாய்விட்டுச் சொல்வேன்? ஓர் ஈர்க்குச்சியை வாங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சுக்கு அடியில் நானே எழுதினேன். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், ‘நெஞ்சின் அடியில் பொருள் ஏதுமற்ற அழகிய கீறல்கள்’ என்று வியந்திருக்கிறீர்களே, அது நீங்கள்தான். ஊரார் கையெழுத்தையெல்லாம் படிக்கிற ஆசிரியருக்கு வீட்டுக்காரியின் கையெழுத்து தெரியவில்லை. சுண்ணாம்பு பாதியை மூடியிருந்தது, போகட்டும், அதை மட்டும் மன்னித்தேன்.

கண் திறக்காவிட்டால் என் வேண்டுதலும் பாதியில்தான் நிற்கும். உங்கள் உயிருக்காக நேர்ந்தது பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் வருமா? எழும்பூரில் ரயில் ஏறினால் மறுநாள் புதுக்கோட்டை, அங்கிருந்து பஸ். கம்பளியை மறக்க வேண்டாம். வந்து வேளாரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அவர் கண்ணைத் திறக்கட்டும். ஐயனார் உங்களுக்கு நூறு வயசு கொடுக்கட்டும். அதற்கப்புறம், நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்லை, குடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தரம் குனிந்து படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பெயரை எழுத மட்டும் தெரிந்த,
அமிர்தவல்லி